சமைக்காமல் கொடுங்கள்

எங்கள் குடும்பத்தில் என் அத்தையைக் கஞ்சப் பிசினாறி என்பார்கள். எங்கே நாலு பேர் கூடினாலும், அத்தை அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் பேச்சு அவளுடைய அடுப்படிக்குப் போய்விடும். ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளப்பாளாம். சோறு வெந்த சூட்டிலேயே முட்டையையும் அவித்துவிடுவாளாம். கடை மூடும் நேரம் பார்த்துத்தான் காய் வாங்கப் போவாளாம். தீக்குச்சி விஷயம் பொய். மற்ற இரண்டும் உண்மை. அவற்றைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரே ஒரு பையோடு நான் திரும்பி வந்தபோது, அப்பா வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லை. நேராக அப்பாவின் தங்கையிடம் போனேன். மூன்றாவது மாடியில் ஒரு அறை. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியா? கால்ல கட்டின சக்கரம் கழண்டுடுச்சா?"

"காத்து போயிடுச்சு, அத்தை."

"இந்த நாலு வருஷத்துல ஒரு தடவையாவது நீயா அடுப்பு பத்த வச்சியா?"

யோசித்துப் பார்த்தேன். ரயில் நிலையத்துக் கடைகள், பஸ் நிற்கும் இடத்துக் கடைகள், விடுதி வாசலில் தள்ளுவண்டிகள். "இல்ல."

"அப்ப சம்பாதிச்ச காசு எங்கடி போச்சுன்னு உங்கப்பன் கேட்டா முழிக்காத. வயித்துக்குள்ள போச்சுன்னு சொல்லு. உள்ள வா."

அந்த அறையோடு ஒரு சமையலறை ஒட்டியிருந்தது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் இடம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். இரண்டு பர்னர் அடுப்பில் ஒன்று எரியாது. அதன்மேல் உப்பு ஜாடி உட்கார்ந்திருக்கும். அடுப்புக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. அதற்குள், ஒரு ஹோட்டல் கழித்துப்போட்ட பழைய கம்பளி. அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் அத்தை அடுப்பை அணைப்பாள். பானையைக் கம்பளியால் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி மூடுவாள். குளித்து, தலைவாரி, புடவை மாற்றி வருவதற்குள் சோறு தானாக வெந்து, பூத்துக் கிடக்கும்.

"கேஸ் கம்பெனிக்காரன் என் பேரைச் சொன்னாலே அழுவான்" என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

அந்தச் சமையலறை அவளுக்கு எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். பதினாலு வருஷம் அவள் ஒரு பெரிய வீட்டில் தங்கிச் சமைத்தவள். அந்த வீட்டார் இரண்டு மணிக்குச் சாப்பிடுவார்கள், இவள் மூன்றரைக்கு. மீதி இருந்தால் சாப்பாடு. இல்லையென்றால் அவர்களுக்கு அன்றைக்கு நல்ல பசி என்று அர்த்தம். பத்துப் பேருக்கு எத்தனை கிழங்கு, இருபது பேருக்கு எத்தனை படி அரிசி என்று அவள் கை தூக்கத்திலும் அளக்கும். அவளுக்கென்று அளந்ததில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "ஆக்கிப் போட ஆள் கேட்டுத்தான் வந்தாங்க. நான் ஏற்கெனவே வேலைல இருந்தேன்."

நாற்பது வயதில் அந்த வீட்டைவிட்டு வந்து சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் இந்த அறையைப் பிடித்தாள். சமையலறை இல்லாத அறைகள் பாதி வாடகைக்குக் கிடைத்தன. வேண்டாம் என்றாள்.

"எனக்குப் பசிக்கறப்ப, எனக்குப் புடிச்சத, என் அடுப்புல ஆக்கித் திங்கணும். இதாண்டி என் பேராசை" என்றாள் என்னிடம். அந்த அடுப்புக்கு வாடகை கொடுக்கத்தான் அவ்வளவு சிக்கனமும். சாயங்காலம் வேலை முடிந்து, காய்க்கடை சாத்தப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய் நிற்பாள். காய்க்காரி பார்த்ததுமே ஆரம்பிப்பாள்.

"வந்துட்டாங்க மகாராணி, கடை சாத்தற நேரத்துக்கு."

"மகாராணிங்க முன்னாடியே வந்து நிப்பாங்களா என்ன? அந்தத் தக்காளி ஏன் கீழ விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு?"

"அடிபட்டது. பாதி விலைக்கு எடுத்துக்கக்கா."

"அடிபட்டதுக்கு வைத்தியச் செலவு யாரு பாக்கறது? கால் விலை போடு."

கால் விலைக்குத்தான் வாங்குவாள். ஆனால் எண்ணெய் மட்டும் நல்ல எண்ணெய். "தக்காளி அடிபட்டா வெட்டிப் போட்டுக்கலாம். எண்ணெய் கெட்டா எதை வெட்டறது?" என்பாள்.

அவள் மூலமாகச் சலவைக்கூடத்தில் எனக்கும் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. பத்துப் பதினைந்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வரும். ஒரு பக்கம் அழுக்குத் துணியைப் பிரிப்பார்கள். நடுவில் துவைக்கும் எந்திரங்கள். கடைசியில் இஸ்திரி உருளை: நீராவியால் சூடான, ஆள் நீளத்துக்கு இரண்டு பங்கு இருக்கும் உருளை. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து அதற்குள் விடுவார்கள். கை ஒரு விரற்கடை தாழ்ந்தால் விரிப்பு முழுக்கச் சுருக்கம். அத்தை எட்டு வருஷமாக அந்த முனையில் நிற்பவள். உருளைக்கு மறுபக்கம் மடிப்பு மேசை, அங்கே நான். என் எதிரே நின்று மடித்தவளை எல்லாரும் ரேடியோ என்பார்கள். வாய் மூடாது.

அத்தைக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. தினமும் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு வருவதால் மூணடுக்கு. கீழடுக்கில் சோறு, நடுவில் குழம்பு, மேலே சின்ன அடுக்கில் காயோ முட்டையோ. உருளைக்குப் போகும் நீராவிக் குழாய்மேல் ஒரு பலகை இருந்தது. காலையில் வந்ததும் அறுபத்து நாலு பெண்களும் தங்கள் டப்பாவை அதன்மேல் வைப்பார்கள். பன்னிரண்டரைக்கு சூப்பர்வைசர் விசில் ஊதும்போது எல்லாம் அப்போதுதான் இறக்கியதுபோல் ஆவி பறக்கும். கழுத்தில் எப்போதும் அந்த விசில் தொங்கியதால் சூப்பர்வைசருக்கும் விசில் என்றே பெயர்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், பலகைக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து கேண்டீன். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் மதியச் சாப்பாடு. அதற்கான தொகை மாதச் சம்பளத்தில் முன்கூட்டியே பிடிக்கப்படும். சாப்பிட்டாலும் பிடிக்கப்படும், சாப்பிடாவிட்டாலும் பிடிக்கப்படும்.

ரேடியோ அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "யாரு எடுத்திருக்கா கேண்டீன்?" என்றாள்.

"விசிலோட மச்சான்."

"அவருக்கு மச்சான்னா நம்ம சம்பளத்துலயா விருந்து வைக்கறது?"

அன்று மாலையே தகர வேலைக்காரர் ஒருவர் வந்தார். பலகையைக் கழற்றிவிட்டு, நீராவிக் குழாயைச் சுற்றித் தகரம் அடித்து நாலு திருகாணி முடுக்கிவிட்டுப் போனார். பாதுகாப்பு ஏற்பாடாம். எட்டு வருஷமாக அந்தக் குழாய் யாரையும் சுட்டதில்லை.

மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்த அத்தை, எண்ணிப் பார்க்காமலே கைக்கனத்தில் தெரிந்துகொண்டாள். கூடவே இருபத்தாறு கூப்பன் உள்ள ஒரு புத்தகம். வீட்டுக்குப் போனதும் பணத்தைத் தரையில் பரப்பினாள். வாடகைக்கென்று எடுத்துவைத்த குவியல், பிடித்த தொகைக்குச் சரியாகக் குறைந்தது.

கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போனோம். கெட்ட மனுஷி இல்லை, கறாரானவள்.

"முழுசா குடுக்கறதுன்னா பத்தாந்தேதி வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் காலியா இருக்கு. உன் சம்பளத்துக்கு அது சரியா வரும்."

"அதுல அடுப்பு வைக்க இடம் இல்லையே."

"அதான் வேலை செய்யற எடத்துலயே சோறு போடறாங்களாமே. அடுப்பு எதுக்கு உனக்கு?"

அத்தை திரும்பி நடந்தாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாகச் சொன்னாள்: "திங்காத, சோத்துக்கு, என், அடுப்ப, பிடுங்குவானா?"

"என் கூலிய எடுத்துக்கோ அத்தை" என்றேன்.

"அது உன் டிக்கெட்டு காசு. நீ எப்படியும் ஓடப்போறவ. இந்த மாசம் நீ குடுப்ப, அடுத்த மாசம் யாரு குடுப்பா? பிடிக்கறத நிறுத்தணும்டி."

ஒன்றாம் தேதி கேண்டீன் திறந்தது. துவைக்கும் கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை, ஒரு கவுன்ட்டர், பின்னால் அண்டாக்கள். எல்லாரும் கூப்பனோடு வரிசையில் நின்றோம். மச்சான் கவுன்ட்டரில் கூப்பன் வாங்கிக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தார். விசில் பக்கத்தில் நின்று பெண் வீட்டார்போல் எல்லாரையும் வரவேற்றார். அத்தையும் வரிசையில் வந்தாள். கையில் கேரியரின் மேலடுக்கு மட்டும், காலியாக.

"என்ன மூணடுக்கு, வீட்டுச் சாப்பாடு புளிச்சுப் போச்சா?" என்றார் மச்சான்.

"இல்லண்ணே. காசு பிடிச்சிருக்கீங்க. என் பங்கக் குடுங்க."

"தட்ட எடும்மா."

"தட்டு வேணாம். சமைக்காம குடுங்க."

"என்னது?"

"என் ஒருத்தி பங்கு. அரிசி, பருப்பு, காய், எண்ணெய். அண்டால போடறதுக்கு முன்னாடி எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. வீட்ல அடுப்பு இருக்கு, நான் ஆக்கிக்கறேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அக்கா, உப்பு மறந்துடாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "தண்ணியும் அளந்து வாங்குங்க!" என்றாள் இன்னொருத்தி.

மச்சானும் சிரித்தார். அப்போது அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அறுபது பெண்கள் சிரிக்கும்போது ஒரு ஆணுக்குத் தாராள மனசு வந்துவிடுகிறது. சமையல்காரரைப் பார்த்துக் கையை வீசினார்.

"குடுப்பா, குடு! அம்மணிக்கு ஒரு ஆள் பங்கு என்னவோ, குண்டுமணி குறையாம நிறுத்துக் குடு. நாளைக்கு யாரும் நம்மள ஏமாத்தினான்னு சொல்லக்கூடாது."

சமையல்காரர் பொய் சொல்லப் பழகாத மனுஷர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"அறுபத்து நாலு பேருக்குப் பதினாறு வெங்காயம் குடுத்தாங்க. அப்ப ஒரு ஆளுக்கு..." ஒரு வெங்காயத்தை எடுத்து நாலாக வெட்டி ஒரு துண்டைக் கவுன்ட்டரில் வைத்தார். "முப்பத்திரெண்டு கிழங்கு." பாதிக் கிழங்கு வந்தது. "பருப்பு மொத்தம் ஒரு கிலோ." ஒரு கரண்டி பருப்பை எடுத்தவர், யோசித்து அதிலிருந்து கொஞ்சம் திருப்பிக் கொட்டினார். அரிசி, சின்ன டம்ளரில் விளிம்புக்குக் கீழேயே நின்றது. எண்ணெய் ஒரு பாட்டில் மூடி அளவு.

ஒவ்வொன்றாக வைக்க வைக்க வரிசையில் சிரிப்பு குறைந்தது. எண்ணெய் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அத்தை கூப்பனைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்கு வந்து, கறை போகாமல் ஹோட்டல் வேண்டாமென்ற ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்தாள். அதன்மேல் அரிசியைக் குவித்தாள். பருப்பு, பாதிக் கிழங்கு, கால் வெங்காயம், மூடியில் எண்ணெய். பக்கத்தில் தன் கேரியரைத் திறந்து மற்ற இரண்டு அடுக்கையும் வைத்தாள். ஆறிப்போன சாப்பாடுதான். ஆனால் நிறைந்திருந்தது.

பெண்கள் தட்டோடு வந்து வந்து பார்த்தார்கள். தங்கள் தட்டையும் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவுதானாக்கா?" ரேடியோவின் குரல் முதல்முறையாக மெதுவாக வந்தது.

"இவ்வளவுதான். உனக்குப் பிடிக்கற காசு எவ்வளவுன்னு உனக்கே தெரியும். அது என் கைல இருந்தா இதே மாதிரி மூணு பேருக்கு ஆக்குவேன். நல்ல எண்ணெய்ல வதக்கி ஆக்குவேன்."

மச்சான் கவுன்ட்டரிலிருந்தே கத்தினார். "ஏம்மா, கேஸு செலவு? சமைக்கற ஆள் கூலி? கொட்டாய் வாடகை? அதெல்லாம் யாரு, உங்கப்பனா குடுப்பான்?"

"நியாயம்தான். கேளுங்கண்ணே, கூலியும் கேளுங்க. சாப்பிட வரவங்ககிட்ட கேளுங்க. வராதவகிட்ட ஏன் கேக்கறீங்க?"

அன்று மாலை அந்த ஒரு பங்கைத் தனியாகச் சமைத்தாள். மறுநாள் அதைக் கேரியரின் மேலடுக்கில் போட்டு எடுத்து வந்து மேசையில் வைத்தாள். இருக்கிற மூன்றில் அதுதான் சின்ன அடுக்கு. அதில் முக்கால்தான் நிறைந்திருந்தது.

"ஒரு பருக்கை நான் வாயில போடல. பாத்துக்கோங்க. நல்ல கைதான் ஆக்கியிருக்கு. பொங்கினதே இவ்வளவுதான்."

இரண்டாம் நாள் அவளோடு இன்னும் நாலு பேர் கவுன்ட்டரில் சமைக்காமல் கேட்டார்கள். தராமல் இருக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் இருபது பேர். ஒருத்தி பிள்ளையின் பால் டப்பா கொண்டுவந்தாள். ஒருத்தி புடவைத் தலைப்பையே விரித்தாள். நாலாம் நாள் வரிசை முழுவதும் கையில் பையும் டப்பாவும்தான் இருந்தது. ஒரு தட்டுகூட இல்லை. அண்டாவில் வெந்த சோறு அப்படியே ஆறியது. மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"பதினாறு வெங்காயத்த அறுபத்து நாலா வெட்டி பொட்டலம் கட்ட நான் தனியா ஆள் வைக்கணுமா?"

"கால் கால்னா வாடிப்போகும்ணே" என்றாள் அத்தை, ரொம்ப அக்கறையாக. "நாலு நாளைக்கு ஒருக்கா முழு வெங்காயமா குடுத்துடுங்களேன்."

ஒன்றேகாலுக்கு விசில் ஊதினார். யாரும் நகரவில்லை, பாதிப் பேர் இன்னும் பங்கு வாங்கவில்லை. ஒன்றரைக்கு மறுபடி ஊதினார். உருளை ஓடிக்கொண்டே இருந்தது, துணி விட ஆளில்லாமல். வெளியே இரண்டு ஹோட்டல் வண்டிகள் ஹாரன் அடித்தன.

ஐந்தாம் தேதி காலையில் மேனேஜரே கீழே இறங்கி வந்தார். நீராவிக்குப் பழக்கமில்லாதவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாரும்மா இதை ஆரம்பிச்சது?"

எல்லாரும் துணியைப் பார்த்தோம். அத்தை கையிலிருந்த விரிப்பை முழுவதும் உருளைக்குள் விட்டு முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"நோட்டீஸ்தான் சார் ஆரம்பிச்சது. பொருளாக் கேட்டது நான்."

"கேண்டீன் உங்க நல்லதுக்குத்தானே வச்சிருக்கு?"

"எங்க நல்லதுக்குன்னா எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

விசில் முன்னால் வந்தார். "சார், இவங்க ஒருத்தர அனுப்பிட்டா மத்தது எல்லாம் தானா அடங்கிடும்."

"அனுப்புங்க" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. வேலை போனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்கும் வழியில்லை. "அனுப்புங்க சார். உருளைல துணி விட ஆள் பாத்து வச்சிட்டு அனுப்புங்க. நேத்து வண்டியே இன்னும் வாசல்ல நிக்குது."

மடிப்பு மேசையில் ரேடியோ தான் பிடித்திருந்த துண்டைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததே போதும். பிரிக்கிற பக்கத்திலும் கைகள் நின்றன. கூடத்தில் உருளையின் இரைச்சல் மட்டும் கேட்டது. மேனேஜர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. அடுத்த மாசத்துலேர்ந்து, வேணும்னு கையெழுத்துப் போடறவங்களுக்கு மட்டும் பிடிச்சா போதும். இப்ப வேலையப் பாருங்க."

சில பேர் கைதட்டினார்கள். அத்தை தட்டவில்லை.

"இந்த மாசம், சார்?"

"அது பிடிச்சாச்சும்மா."

அவள் இடுப்பிலிருந்து கூப்பன் புத்தகத்தை எடுத்தாள். நீராவியில் ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. "இருபத்தாறுல நாலு கிழிச்சேன். நாலுக்கும் அரிசி பருப்பு வாங்கிட்டேன், அந்தக் காசு எனக்கு வேணாம். மீதி இருபத்திரெண்டு அப்படியே இருக்கு. எண்ணிக்கோங்க."

மேனேஜர் புத்தகத்தை வாங்கினார். உண்மையிலேயே எண்ணினார்.

"இருக்கறவங்க எல்லாம் கூப்பன ஆபீஸ்ல குடுங்க. மாசக் கடைசில பாக்கலாம்."

"பத்தாந்தேதிக்குள்ள வேணும் சார். பதினொண்ணாந்தேதி குடுத்தா எனக்கு அது வெறும் காயிதம். அதுக்குள்ள என் அடுப்பு போயிடும்."

அடுப்பு போயிடும் என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. "ஒம்பதாந்தேதி" என்றார்.

அன்று மதியம் அத்தை கேரியரோடு நேராகக் குழாயிடம் போனாள். ஒரு நாணயத்தைத் திருகாணிப் பள்ளத்தில் வைத்துக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. விசில் ஓடி வந்து பழக்கதோஷத்தில் ஊதினார். அத்தை திரும்பவே இல்லை.

"இன்னும் ரெண்டு தடவை ஊதுங்க சார். சரியா வெந்துடும், இறக்கிடறேன்."

கூடமே வெடித்துச் சிரித்தது. தகரம் சுவரோரமாய்ச் சாய்ந்து நின்றது. பழைய பலகையை யாரோ தேடி எடுத்து வந்தார்கள்.

இதற்கெல்லாம் விலை இல்லாமலா? மறுநாள் மடிப்பு மேசைப் பட்டியலில் என் பெயர் இல்லை. வண்டிகள் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தையை உருளையிலிருந்து எடுத்து அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் போட்டார்கள். எட்டு வருஷக் கைப்பழக்கம் அங்கே எதற்கும் உதவாது. இதை எழுதும்வரை அங்கேதான் இருக்கிறாள். கேட்டால், "அந்தப் பக்கம் காத்து வருது. உருளைகிட்ட என்ன சுகத்தக் கண்டேன்?" என்கிறாள். நான் நம்பவில்லை. தெருவில் யார் வீட்டு விரிப்பு காய்ந்தாலும் அவள் கை தானாக ஒரு முனையைப் பிடித்து இழுத்து நேராக்குகிறது.

ஒன்பதாம் தேதி பணம் வந்தது. இருபத்திரண்டு கூப்பனுக்கு மட்டும். அந்த நாலின் குறையை ஈடுகட்ட அந்த வாரம் முழுக்க அவள் எண்ணெய்ப் புட்டியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் எதுவும் வதங்கவில்லை. எல்லாம் வெந்தது, பெட்டிக்குள் கம்பளியில். அப்படி மிச்சம் பிடித்த சில்லறையைச் சேர்த்தபோது வாடகை சரியாக வந்தது.

பத்தாம் தேதி சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். கையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையின் சாவி. அத்தை சமையலறைக்குள் இருந்ததால் நான் வெளியே நின்றேன். வீட்டுக்கார அம்மா எனக்கும் வெளியே, வாசற்படியில்.

"என்னம்மா, ஒரு வாரமா வாசனையே காணோம். சமைக்கறத விட்டுட்டியோன்னு நினைச்சேன். அப்படின்னா கீழ ரூமே போதும்ல?"

அத்தை அடுக்கியிருந்த வாடகைப் பணத்தை என் கையில் கொடுத்தாள். நான் அதை வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் எண்ணினாள். முழுசாக இருந்தது.

"அந்தச் சாவிய வேற யாருக்காவது குடுங்க" என்றாள் அத்தை, திரும்பாமலே. "எனக்கு இங்க வேலை இருக்கு."

சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஒரு வாரம் தொடாத எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். மூடியில் அளக்கவில்லை, புட்டியையே சாய்த்தாள். கூடையில் இருந்ததிலேயே பெரிய வெங்காயம் ஒன்றை எடுத்து நாலாக வெட்டினாள். நாலு துண்டையும் ஒரே சட்டியில் போட்டாள்.